முழங்கால் அளவு

பாளையங்கோட்டை
3.9.2024

மாமாவுக்கு,

எட்டு மாதமாகப் பேசாமல் இருந்தவள் இப்போது எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் நீங்கள் முதலில் அழுவீர்கள். கேட்க வந்ததை மறந்துவிட்டு நான் உங்களுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருப்பேன். போனை வைத்ததும் என்மேலேயே எனக்கு எரிச்சல் வரும். அதனால்தான் எழுதுகிறேன். நீங்களும் எழுத்திலேயே பதில் அனுப்புங்கள்.

உங்கள் பிள்ளை சிவகணேஷின் நோட்டுகள் எனக்கு வேண்டும். ஏழில் நான்கு வெள்ளத்தில் தப்பி உங்களிடம் இருப்பது தெரியும். ஆறு வருஷம் உட்கார்ந்து அவர் எழுதிய ஆராய்ச்சி அது. கடைசிக் காலத்தில் வரப்போகிற இரட்சகனைப் பற்றிப் பார்சிகளின் பழைய மதம் சொல்வதும், மேசியாவைப் பற்றி எங்கள் வேதம் சொல்வதும் எங்கெங்கே ஒன்றுபோல் இருக்கின்றன என்று தேடினார். உங்களுக்கு அது வெட்டி வேலை. எனக்கு அவரே அதிலிருந்துதான் வந்தார். குழந்தை இயேசுவைப் பார்க்கக் கிழக்கேயிருந்து வந்த சாஸ்திரிகள் எந்த ஊர்க்காரர்கள், எந்த சாமியைக் கும்பிட்டவர்கள் என்று கேட்டுக்கொண்டு எங்கள் கல்லூரி நூலகத்துக்கு வந்தவர். பதினொரு வருஷம் நான் அங்கே வேலை பார்த்ததில் கிறிஸ்தவப் பிள்ளைகளில் ஒருவர்கூட என்னிடம் அதைக் கேட்டதில்லை.

இன்னொன்று. டிசம்பர் 18 வந்தால் ஒரு வருஷம் ஆகிறது. எங்கள் சபையில் அவர் பெயரில் ஒரு கல் பதிக்க நினைக்கிறார்கள். அண்டை வீட்டுப் பிள்ளைகளைக் காப்பாற்றப் போய்த் தன் உயிரைக் கொடுத்தவர் என்று அதில் வெட்டுவார்களாம். நேரில் பார்த்தவர் கையெழுத்தில் அரைப் பக்கம் வேண்டும் என்று குருவானவர் கேட்கிறார். நேரில் பார்த்தது நீங்கள் ஒருவர்தான்.

தர்ப்பைப் புல்லில் ஓர் உருவம் செய்து, அதற்கு அவர் பெயரைச் சொல்லி, ஆற்றங்கரையில் எரித்தீர்களே, அதை நான் மறக்கவில்லை. உடல் கிடைக்காதவர்களுக்கு உங்கள் வழக்கம் அதுதான் என்று பிறகு சொன்னார்கள். அன்றைக்கு நான் ஆறு கடலில் சேருகிற புன்னைக்காயலில் மீன்பிடிக்கிறவர்களிடம் அவர் போட்டோவைக் காட்டிக்கொண்டிருந்தேன். யாரோ போனில் அனுப்பிய படத்தைப் பார்த்துத்தான் என் புருஷனை எரித்து முடித்துவிட்டீர்கள் என்று எனக்குத் தெரிந்தது.

நோட்டுகளை அனுப்புங்கள்.

எப்சிபா

•

சிவமயம்

ஏரல்
12.9.2024

எப்சிபாவுக்கு அம்மையப்பன் எழுதுவது.

சௌபாக்கியவதி என்று தொடங்கிப் பழகிய கை. அந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. வேறு என்ன போடுவதென்று தெரியாமல் பெயரை மட்டும் எழுதியிருக்கிறேன். நலம், நலமறிய ஆவல் என்றும் எழுத முடியவில்லை.

நோட்டுகள் நான்கையும் தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். மொட்டைமாடியில் தாள் தாளாகப் பிரித்து, ஒட்டிக்கொண்ட இடத்தில் உன் அத்தையின் கொண்டை ஊசியை விட்டுப் பைய நெம்பிக் காயவைத்தேன். இரண்டு மாதம் பிடித்தது. முப்பத்தைந்து வருஷம் சரித்திர வாத்தியாராக இருந்தவன், காயவைக்கிற தாளைப் படிக்காமல் இருக்க முடியுமா? படித்தேன். அவன் உயிரோடு இருந்தபோது ஒரு வரிகூடப் படித்ததில்லை.

அந்த ஏரிக் கதை உனக்குத் தெரிந்திருக்கும். பார்சிகளுடைய தீர்க்கதரிசியின் வித்து பாரசீகத்து ஏரி ஒன்றில் பத்திரமாக இருக்கிறதாம். லட்சத்துக்கு ஒன்று குறைவாகக் காவல் ஆவிகள் அதைச் சுற்றி நிற்கின்றனவாம். காலம் முடியும் தறுவாயில் ஒரு கன்னிப்பெண் அந்த ஏரியில் குளிப்பாள், கருத்தரிப்பாள். அந்தப் பிள்ளை செத்தவர்களையெல்லாம் எழுப்புவான். இதை இடது பக்கம் எழுதி, வலது பக்கம் உங்கள் மரியாளைப் பற்றி எழுதி, நடுவில் ஒரு கோடு போட்டு, கோட்டின்மேல் கேள்விக்குறி வைத்திருக்கிறான். கேள்விக்குறியை நோட்டு கிழியும் அளவுக்கு அழுத்தியிருக்கிறான்.

நடந்ததைக் கேட்டாய். பேப்பரில் வந்ததுதான். திங்கட்கிழமை காலை பத்து மணி இருக்கும். நாங்கள் மாடியில் இருந்தோம். பக்கத்து வீட்டில் முஃபீதாவின் பிள்ளைகள் கத்துகிற சத்தம் கேட்டது. ‘அப்பா, பிள்ளைய கத்துது, இந்தா வாரேன்’ என்றான். நான் தடுப்பதற்குள் இறங்கிவிட்டான். பிள்ளைகள் பிழைத்தன, அவன் வரவில்லை. இதையே தனித்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன், உங்கள் குருவானவரிடம் கொடு.

இனி எழுதப்போவது மாமனார் மருமகளிடம் பேசுகிற பேச்சில்லை. குழந்தைக்காக நீங்கள் இருவரும் சிகிச்சை பார்த்த மருத்துவமனையிலிருந்து அவன் பெயருக்கு இங்கே ஒரு கடிதம் வந்தது. பிரித்தது தப்புதான். குஜராத்தில் பார்சிகளின் ஊரான நவ்சாரிக்கு ஆறு மாதம் ஆராய்ச்சிக்குப் போகும்போது, சிகிச்சை நின்றுவிடக் கூடாதென்று அவன் கொடுத்துவிட்டுப் போனது இரண்டு குப்பிகளில் உறைந்து கிடக்கிறதாம். டிசம்பர் 31க்குள் நீ எழுதித் தராவிட்டால் அழித்துவிடுவார்களாம்.

எனக்கு எழுபது வயது. அவன் ஒரே பிள்ளை. பிறக்கிற குழந்தை உங்கள் கோயிலில் ஞானஸ்நானம் வாங்கட்டும், ஆபிரகாம் என்று பெயர் வைத்தாலும் நான் வாய் திறக்கமாட்டேன். ஏரியில் வித்து காத்திருக்கிறது. இறங்க வேண்டியது நீதான்.

அம்மையப்பன்

•

பாளையங்கோட்டை
25.9.2024

மாமாவுக்கு,

நோட்டுகள் வந்தன. ஆற்று வாசனை இன்னும் போகவில்லை.

ஏரியில் இறங்குகிற பெண்ணுக்கு அந்தக் கதையில் ஏதாவது பேச்சு உண்டா என்று அவரிடம் நான் ஒருமுறை கேட்டிருக்கிறேன். பெயர் உண்டு, பேச்சு இல்லை என்றார். மரியாளாவது தூதனிடம் இது எப்படி ஆகும் என்று ஒரு கேள்வி கேட்டாள். என்னிடம் கேட்காமல் என் புருஷனை எரித்தவர், என்னிடம் கேட்காமல் எங்கள் கடிதத்தைப் பிரித்தவர், இப்போது என்னை ஏரியில் இறங்கச் சொல்கிறார். நானும் கொஞ்சம் கேள்வி கேட்டுவிடுகிறேன்.

போன சனிக்கிழமை இங்கே மார்க்கெட்டில் முஃபீதாவைப் பார்த்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ‘ஞாயித்துக்கெழம சாயங்காலமே உங்க வீட்டுக்காரவுக வந்து கதவத் தட்டி, கெளம்புங்க கெளம்புங்கன்னு வெரட்டுனாவ. அவுக சொல்லலன்னா அங்கனயே கெடந்து செத்திருப்போம். ராத்திரி பூரா பள்ளிவாசல் மாடிலதான் இருந்தோம்’ என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மாமா. திங்கட்கிழமை பத்து மணிக்கு அந்த வீட்டில் கத்துவதற்கு யாருமே இல்லை.

அடுத்தது, மூன்றாவது நோட்டில் ஒரு தாளைக் காணோம். வெள்ளத்தில் போனதில்லை. ஸ்கேல் வைத்து நேராகக் கிழித்த விளிம்பு இருக்கிறது. அவர் நோட்டில் தாள் கிழிக்க மாட்டார், தப்பாக எழுதினால் அடித்துவிட்டு மேலே போவார். ஸ்கேல் வைத்துக் கிழிப்பது வாத்தியார் கை.

இரண்டாவது நோட்டில் ஓர் இடத்தில் இப்படி எழுதியிருக்கிறார். ஏரிக் கதையை முழுசாகச் சொல்கிற ஏடுகள் இயேசுவுக்கு எட்டு, ஒன்பது நூற்றாண்டு பிந்தியவை. ஆனால் கதையின் வேர் அவருக்கு முந்தியது. யூதர்கள் பாரசீகர்கள் ஆட்சியில் இருநூறு வருஷம் இருந்தவர்கள். ஆகவே யார் யாரிடம் கேட்டு எழுதினார்கள் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஒன்று மட்டும் இரண்டு பக்கத்துக்கும் பொது. பெரிய துக்கம் வந்துபோன பிறகு உட்கார்ந்து, இதற்கு ஓர் அர்த்தம் இருந்தது, இது முன்னமே சொல்லப்பட்டது என்று எழுதிவிடுகிறார்கள். இல்லாவிட்டால் அவர்களால் மறுநாள் எழுந்திருக்க முடிவதில்லை.

உங்கள் அரைப் பக்கத்தைப் படித்தபோது இதுதான் நினைவுக்கு வந்தது. அதைக் குருவானவரிடம் இன்னும் கொடுக்கவில்லை.

கிழித்த தாள் வேண்டும். நடந்தது வேண்டும். மற்றதைப் பிறகு பேசலாம்.

எப்சிபா

•

சிவமயம்

ஏரல்
4.10.2024

எப்சிபாவுக்கு,

போலீஸ்காரன்கூட என்னை இப்படிக் கேட்கவில்லை. முஃபீதாவுக்கு அந்த ரெண்டு நாளும் குழம்பிக் கிடக்கிறது. வீடு போய், ஆடு போய், மாற்றுத்துணி இல்லாமல் நின்றவள் கிழமை பார்த்துக்கொண்டா இருப்பாள்? தாளைப் பூச்சி அரித்திருந்தது, அதனால் எடுத்துவிட்டேன்.

உங்கள் வேதத்திலேயே பாரசீக ராஜா கோரேசை அபிஷேகம் பெற்றவன் என்று ஒரு தீர்க்கதரிசி சொல்கிறார். மேசியாவுக்கு உரிய அதே பட்டம். அவனுக்கு யூதர்களின் கடவுள் யாரென்றே தெரியாது. சிறைப்பட்டவர்களை ஊருக்குத் திருப்பி அனுப்பினான், அவ்வளவுதான். காரியம் நல்லதென்றால் சனங்கள் பெயரைச் சூட்டிவிடுவார்கள். என் பிள்ளைக்கு ஊர் ஒரு நல்ல பெயர் கொடுத்திருக்கிறது. தெருமுனையில் பேனர் வைத்திருக்கிறார்கள், பள்ளிக்கூடத்தில் அவன் பெயரைச் சொல்லிப் பிரார்த்தனை செய்கிறார்கள். அதைப் பிடுங்கிப் போட நீ ஏன் அலைகிறாய்? நீ அவன் பெண்டாட்டிதானே.

டிசம்பர் 31 ரொம்பத் தூரத்தில் இல்லை.

அம்மையப்பன்

•

பாளையங்கோட்டை
21.10.2024

மாமாவுக்கு,

மருத்துவமனைக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட்டேன். நவம்பர் ஆறாம் தேதி வரச் சொல்லியிருக்கிறார்கள். உங்களுக்காக இல்லை. காலையில் எழுந்தால் அவர் சாயலில் ஏதாவது ஒன்று இந்த வீட்டில் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. வெட்கத்தை விட்டு உங்களிடம் சொல்கிறேன், வேறு யாரிடமும் சொல்லவில்லை. என் அம்மாவிடம்கூட.

குழந்தை பிறந்தால் ஒரு நாள் என் அப்பா எப்படிச் செத்தார் என்று கேட்கும். அதனிடம் நான் பொய் சொல்ல மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் கோயிலில் எழுந்து நின்று, சரீரம் உயிர்த்தெழும் என்று விசுவாசிக்கிறேன் என்கிறேன். எந்தச் சரீரம் என்று இப்போதெல்லாம் வாய் குழறுகிறது. காற்றும் தண்ணீரும் கொண்டுபோன உடம்பு மறுபடி எங்கிருந்து வரும் என்று பார்சிகளின் தீர்க்கதரிசியும் கடவுளிடம் கேட்டாராம். எலும்பை மண்ணிடமும், இரத்தத்தைத் தண்ணீரிடமும், முடியைச் செடிகளிடமும், உயிரை நெருப்பிடமும் திரும்பக் கேட்டு வாங்குவேன் என்றாராம் கடவுள். கடைசி நாளில் கடல் தன்னிடமுள்ள மரித்தவர்களைத் திருப்பிக் கொடுக்கும் என்று எங்கள் வேதத்திலும் இருக்கிறது. இந்த இரண்டையும் அவர் ஒரே பக்கத்தில் எழுதியிருக்கிறார். கீழே கருத்து எதுவும் எழுதவில்லை.

ஆற்றிடமும் கடலிடமும் கேட்க எனக்குத் தெரியாது. உங்களிடம் கேட்கிறேன். திருப்பிக் கொடுங்கள்.

எப்சிபா

•

ஏரல்
2.11.2024

எப்சிபாவுக்கு,

தாளை இதனுடன் வைத்திருக்கிறேன். தலைப்பில் சிவமயம் போட மனம் வரவில்லை. சாமி பெயரை மேலே எழுதிவிட்டு இதைக் கீழே எழுத முடியாது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மழையில் பைக்கில் வந்தான். ‘கெளம்புங்கப்பா, பாளையங்கோட்டைக்குப் போயிரலாம். ஆத்துல தண்ணி நெறைய வருதாம்’ என்றான். ‘ஏலே, எழுவது வருசமா இந்த ஆத்தப் பாக்கேன். தெருமுக்கத் தாண்டி வராதுலே’ என்றேன். உங்கள் வீட்டில் வந்து தங்க எனக்கு மனமில்லை, அதுதான் நிஜம்.

அவன் தெருவில் இறங்கி வீடு வீடாகத் தட்டப் போனான். முஃபீதா சொன்னது சரி. போகும்போது, ‘மேல ஏத்த வேண்டியத நீங்க ஏத்துங்கப்பா. மொதல்ல எம் பெட்டிய ஏத்திருங்க’ என்று சொல்லிவிட்டுப் போனான். சனி, ஞாயிறுகளில் இங்கே வந்து எழுதுவானே, அந்த நோட்டெல்லாம் போட்டுவைக்கிற டிரங்குப் பெட்டி.

நான் பூஜைப் பெட்டியை ஏற்றினேன். உன் அத்தை படத்தை ஏற்றினேன். அரிசி, பென்ஷன் காகிதம், இட்லிக் கொப்பரை. ஆமாம், இட்லிக் கொப்பரையை ஏற்றினேன். அவன் பெட்டியை ஏற்றவில்லை. கனம் என்று சொல்லிக்கொள்ளலாம். திறந்து நோட்டுகளை மட்டும் அள்ளிப்போக ஐந்து நிமிஷம் ஆகாது. அந்தப் பெட்டிதான் என் பிள்ளையைக் கொண்டுபோய்விட்டது என்று எனக்குள் ஒரு வன்மம். அதற்காகத்தான் பார்த்த வேலையை விட்டான், அதற்காக அலையும்போதுதான் உன்னைப் பார்த்தான். நனைந்தால் நனையட்டும் என்று இருந்தேன். கொஞ்சம் நனைந்தால் போதும் என்றுதான் நினைத்தேன், எப்சிபா.

சாயங்காலம் திரும்பி வந்து, ‘ஏத்தியாச்சாப்பா’ என்று கேட்டான். ‘எல்லாம் ஏத்தியாச்சு’ என்றேன்.

திங்கட்கிழமை பத்து மணிக்குக் கீழே இடுப்பளவுத் தண்ணீர். மாடியில் பெட்டியைத் தேடினான். ‘பெட்டிய எங்க வச்சிருக்கிய?’ என்றான். ‘கீழதான் கெடக்கு. காயிதம்தானலே, போனாப் போகுது’ என்றேன். அவன் என்னை ஏசவில்லை. படியில் இறங்கினான். நான்கு நோட்டைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தான். ‘பைய வையிங்கப்பா, ஓரமெல்லாம் ஈரமா இருக்கு’ என்றான். மற்ற மூன்றையும் எடுக்க மறுபடி இறங்கினான்.

அப்போதுதான் பின்கட்டுச் சுவர் விழுந்தது. தண்ணீர் ஒரே மூச்சில் உள்ளே வந்தது. அவன் பட்டாசல் கூடத்துத் தூணைப் பிடித்துக்கொண்டிருந்தான். கழுத்து வரை தண்ணீர். படியிலிருந்து பத்தடி இருக்கும். ‘அப்பா, கையக் குடுங்க’ என்றான்.

நான் இறங்கினேன். கணுக்கால் நனைந்தது. முழங்கால் நனைந்தது. படிக்கம்பியைப் பிடித்திருந்த கை விடவில்லை. எனக்கு நீச்சல் தெரியும். இந்த ஆற்றில் நீந்திப் பழகிய உடம்புதான். கை விடவில்லை. இன்னொரு தடவை ‘அப்பா’ என்றான். மூன்றாம் தடவை கூப்பிடவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ‘ஏறிப் போங்கப்பா’ என்றான். நான் ஏறினேன். திரும்பிப் பார்த்தபோது தூண் மட்டும் நின்றது.

தாளை ஏன் கிழித்தேன் என்று படித்தால் புரியும். தண்ணீர் பார்சிகளுக்குப் புனிதம். அதில் பிணம் கிடப்பதைப் பார்த்தவன் இறங்கி எடுத்தே ஆக வேண்டுமாம். கணுக்கால் அளவு, முழங்கால் அளவு, இடுப்பளவு, கடைசியில் ஓர் ஆள் ஆழம் வரை போக வேண்டுமாம். பக்கத்தில் பென்சிலில், நம்மூர் என்றால் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் பண்ணுவார்கள் என்று விளையாட்டாக எழுதியிருக்கிறான். செத்தவனை எடுக்கவே ஆள் ஆழம். நான் உயிரோடிருந்தவனுக்கு முழங்காலோடு நின்றுவிட்டேன்.

பேப்பர்காரன் வந்து கேட்டபோது பிள்ளைகள் கத்தின என்று வாய் தானாகச் சொன்னது. புல்லுருவத்தை அவசரமாக எரித்ததும் வழக்கத்துக்காக மட்டும் இல்லை. நீ தேடிக்கொண்டே இருந்தால் ஒருநாள் என்னிடம் வந்து நிற்பாய் என்று பயந்தேன். கடைசியில் வந்துதான் நின்றாய்.

ஆறாம் தேதி போ. என் முகத்துக்காகப் போகாமல் இருந்துவிடாதே. குழந்தையை எனக்குக் காட்ட வேண்டாம்.

அம்மையப்பன்

•

பாளையங்கோட்டை
25.11.2024

மாமாவுக்கு,

உங்கள் கடிதம் ஐந்தாம் தேதி வந்தது. பிரிக்கப் பயந்து கைப்பையில் வைத்துக்கொண்டேன். ஆறாம் தேதி மருத்துவமனையில் என் பெயரைக் கூப்பிடுவதற்காகக் காத்திருந்தபோது படித்தேன். இரண்டாம் முறை படித்துக்கொண்டிருக்கும்போது கூப்பிட்டார்கள். எழுந்து போனேன். ஏன் திரும்பி வராமல் உள்ளே போனேன் என்று இப்போதும் தெரியவில்லை.

டாக்டரம்மா நல்லவர். என்னை உட்காரவைத்துச் சொன்னார். முதல் குப்பியை உருக்கிப் பார்த்தார்களாம், ஒன்றுகூட உயிரோடு இல்லை. இரண்டாவதையும் உருக்கினார்கள். அதிலும் இல்லை. உறையவைப்பதெல்லாம் பிழைப்பதில்லை, யார்மேலும் தப்பில்லை என்றார். நான் தலையாட்டிவிட்டு வெளியே வந்து ஆட்டோவில் உட்கார்ந்தேன். எங்கே போக வேண்டும் என்று டிரைவர் மூன்று தடவை கேட்டார்.

நான்காவது நோட்டில் கடைசியாக அந்த ஏரியைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார். அது வற்றிவிட்டதாம். வித்து அங்கே இருக்கிறது என்று நம்பியவர்கள் ஒரு காலத்தில் புத்தாண்டு அன்று பெண்பிள்ளைகளை அங்கே குளிக்க அனுப்புவார்களாம். இப்போது பல வருஷம் புழுதிதான் பறக்கிறதாம். தண்ணீர் இல்லாத ஏரியில் இன்னும் காவல் நிற்கிறார்களா என்று எழுதி, பாதியில் விட்டிருக்கிறார். அதைப் படித்து நான் சிரித்தேன், பிறகு என் அம்மா வந்து என்னைப் பிடித்துக்கொள்ளும்படி ஆனது.

கடைசி நாளில் உருகிய உலோகம் ஆறாக ஓடும் என்றும் ஓர் இடத்தில் எழுதியிருக்கிறார். எல்லோரும் அதில் இறங்கியாக வேண்டும். நல்லவர்களுக்கு அது வெதுவெதுப்பான பால்போல இருக்கும். கெட்டவர்களைச் சுட்டுச் சுத்தப்படுத்தும், ஆனால் மூன்று நாளில் அவர்களும் கரையேறிவிடுவார்கள். நரகம் அத்தோடு தீர்ந்துபோகும். இந்த இடத்தில் எங்கள் வேதம் இவர்களோடு சேரவில்லை என்று அவர் என்னிடம் சண்டை பிடித்திருக்கிறார். அப்போது எங்கள் வேதத்துக்காகப் பேசினேன். இன்றைக்கு யாராவது கேட்டால் எந்தப் பக்கம் பேசுவேன் என்று தெரியாது.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். மூன்று வாரமாக உட்கார்ந்து பார்த்தேன், வரவில்லை. வராததை எழுத மாட்டேன். அவர் உங்களை ஏசவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதை மட்டும் படிக்க முடியவில்லை.

கல் வேண்டாம் என்று குருவானவரிடம் சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார், சொல்லவில்லை. ஊரில் சொல்ல வேண்டியது நீங்கள். அவர் சாவு ஒரு பொய்க்குள் கிடக்க வேண்டாம்.

எப்சிபா

•

ஏரல்
20.12.2024

எப்சிபாவுக்கு,

நீ சொன்னபடி சொன்னேன். நேற்று முன்தினம் தெருமுனையில் வருஷ நினைவுக்கு மேடை போட்டிருந்தார்கள். அவன் படத்துக்கு மாலை. என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். மைக்கைப் பிடித்துக்கொண்டு, உனக்கு எழுதியதை ஒன்று விடாமல் சொன்னேன். பெட்டி, இட்லிக் கொப்பரை, படிக்கம்பி, எல்லாம்.

யாரும் என்னை அடிக்க வரவில்லை. யாரும் காறித் துப்பவில்லை. அதற்கெல்லாம் தயாராகத்தான் போயிருந்தேன். மருந்துக்கடை நெல்லையப்பன் வந்து மைக்கைப் பைய என் கையிலிருந்து வாங்கினான். ‘அண்ணாச்சிக்கு மகன் போன ஏக்கத்துல மனசு ஒடஞ்சிட்டு. அவுக பேசுனத யாரும் வீடியோ போட்டுறாதீய’ என்றான். பெண்கள் அழுதார்கள். என்னைப் பார்த்துத்தான் அழுதார்கள், பாவம் என்று.

பிறகு முஃபீதாவின் மகளை மேடையில் ஏற்றினார்கள். ஏழு வயசு. ‘மாமா என்னயத் தோள்ல தூக்கிக்கிட்டு நடந்தாவ. தண்ணி மாமா கழுத்து வரைக்கும் இருந்துச்சு’ என்று சொன்னது. மனப்பாடம் செய்து ஒப்பிக்கவில்லை. நிஜமாக நடந்ததைச் சொல்கிற முகம் அது.

கூட்டம் கலைந்ததும் முஃபீதாவிடம் போனேன். ‘நீயாவது சொல்லும்மா, நீங்க ஞாயித்துக்கெழமயே போயிட்டியதான’ என்றேன். அவள் மகளைத் தள்ளி நிற்கச் சொன்னாள். ‘எனக்குத் தெரியும் அண்ணாச்சி. ஆனா இவ அத நம்பித்தான் இப்ப தண்ணியப் பாத்து அலறாம இருக்கா. விட்டுருங்க’ என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மழையில் நனைந்து வீடு வீடாகத் தட்டியது போதாதா அவனுக்கு? அது நிஜம். அதை யாரும் நினைவு வைத்திருக்கவில்லை. நான் எழுதிக் கொடுத்த பொய்தான் நிற்கிறது. இன்னும் அறுபது வருஷம் கழித்து அந்தப் பெண் தன் பேரன் பேத்திகளிடம் கழுத்தளவுத் தண்ணீரைச் சொல்வாள். அப்போது நானும் இருக்கமாட்டேன், நீயும் இருக்கமாட்டாய். பெரிய துக்கத்துக்குப் பிறகு எழுதிவிடுகிறார்கள் என்று அவன் எழுதினானே, எழுதினவனே வந்து அழித்தாலும் அழியாது என்பதை அவன் எழுதவில்லை. அவனுக்குத் தெரிந்திருக்காது.

குப்பிகளைப் பற்றி நீ எழுதியதை இரண்டு நாள் கையிலேயே வைத்திருந்தேன். ஏரி, வித்து என்று உனக்கு நான் எழுதியதையெல்லாம் கிழித்துப் போட்டுவிடு.

மன்னிப்புக் கேட்டு இதை எழுதவில்லை. நீ எழுதவும் வேண்டாம். நான் செத்துப்போய்விடுவேன் என்றும் பயப்படாதே. காலையில் ஆற்றுக்குப் போகிறேன், படித்துறையில் முழங்கால் அளவு வரை இறங்குகிறேன், அதற்குமேல் கால் போகாது. திரும்பி வந்துவிடுகிறேன். ஆள் ஆழத்துக்குப் போகிற மனிதன் நான் இல்லை.

ஒன்று மட்டும் உன்னிடம் சொல்லி வைக்கிறேன், வேறு யாரிடம் சொன்னாலும் எடுபடாது. ஏறிப் போங்கப்பா என்று அவன் சொன்னதால்தான் நான் ஏறினேன். அந்தத் திங்கட்கிழமை அவன் காப்பாற்றியது ஒரே ஓர் ஆளை, எப்சிபா. அவனுக்குக் கை கொடுக்காத ஆளை. அதை நம்ப இந்த ஊரில் ஒருத்தரும் இல்லை.

அம்மையப்பன்